ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை

குளத்துக்கு நாலு பக்கமும் கரை உண்டு. ஏரிக்கு ஒரு பக்கம்தான். நிலம் சரியும் திசைக்குக் குறுக்கே பிறைபோல மண்ணை உயர்த்தி மழைநீரை மறித்துவிட்டால் அது ஏரி. மறுபக்கத்தில் யாரும் எதையும் கட்டுவதில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் தன் மட்டத்துக்கு எவ்வளவு தூரம் ஏற முடியுமோ அவ்வளவு தூரம் ஏறி, புல்லும் கருவேலமும் நிற்கும் மேட்டில் மெலிந்து நின்றுவிடும். உள்வாய் என்று ஊரில் சொல்வது இதைத்தான். மார்கழியில் அது தண்ணீர், மாசியில் ஈரமண், சித்திரையில் ஆடு மேயும் தரை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் வட்டாரத்தில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. ஆகவே கரையும் மதகும் பெரும்பாலும் கிழக்கே. திறந்த பக்கம் மேற்கே. ஏரி எங்கே முடிகிறது என்று கிழக்கே நின்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடலாம். மேற்கே நின்று கேட்டால் அவ்வளவு எளிதாகக் காட்ட முடியாது. வரத்து வாய்க்கால், அதற்கு மேலே ஓடை, அதற்கும் மேலே இன்னோர் ஏரியின் கலங்கல் என்று விரல் நகர்ந்துகொண்டே போய்க் கடைசியில் கல்வராயன் மலையில் நிற்கும்.

பழைய ஏரிகளில் கலங்கலின் மேல் வரிசையாகச் சிறு கற்களை நட்டிருப்பார்கள். மழைக்காலம் முழுவதும் அந்தக் கற்களின் இடைவெளி வழியாக உபரிநீர் வழிந்து கீழேரிக்குப் போகும். இனிப் பெருமழை இல்லை என்று ஊர் முடிவு செய்தபின் அந்த இடைவெளிகளைப் புல்கரணையாலும் களிமண்ணாலும் அடைப்பார்கள். ஏரியில் கூடுதலாக ஒரு முழம் தண்ணீர் நிற்கும். கடைமடைக்கு இன்னொரு நனைப்பு கிடைக்கும். ஆனால் அதே ஒரு முழம் மேற்கே உள்வாயில் பயிர் வைத்தவரின் வயலை மூழ்கடிக்கும்; கீழேரிக்காரருக்குப் போகவேண்டிய உபரியைக் குறைக்கும். சீக்கிரம் அடைத்துவிட்டுப் பிறகு மழை கொட்டினால் கரையே உடையும். ஒரு கூடைக் களிமண்ணை எப்போது வைப்பது என்பது மூன்று ஊர்கள் பேசி முடிக்கவேண்டிய காரியமாக இருந்தது. சண்டைகள் நடந்தன, வழக்குகளும் நடந்தன. ஆனாலும் தண்ணீரில் கை வைக்கிறவன் மேல்பக்கத்துக்கும் கீழ்பக்கத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சண்டைகளிலேயே இருந்தது. இன்று நூறு ஹெக்டேர் மனைத் திட்டத்துக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. என் எதிர்ப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கல்வராயனின் வடபாதியான சின்னக் கல்வராயன் ஏறக்குறைய 2,700 அடி உயரம்; தென்பாதியான பெரிய கல்வராயன் ஏறக்குறைய 4,000 அடி. கோமுகியும் மணிமுக்தாவும் இங்கே பிறந்து வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகின்றன. கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணை 46 அடி. சங்கராபுரம் பக்கம் மணிமுக்தா அணை 36 அடி. முன்னதன் கொள்ளளவு 560 மில்லியன் கன அடி, பின்னதன் கொள்ளளவு 737 மில்லியன் கன அடி. இரண்டும் சேர்ந்தும் ஒன்றரை டிஎம்சி வராது. ஒரு மலைத்தொடரின் மழையைப் பிடித்துவைக்க இது போதவே போதாது. மீதி எங்கே தங்குகிறது? ஒரு பங்கு சமவெளி ஏரிகளில். இன்னொரு பங்கு மலையின் மண்ணிலேயே, வேர்களுக்கு நடுவில், பாறை வெடிப்புகளில். மழை நின்று பல வாரம் கழித்தும் ஓடையில் தண்ணீர் ஓடுவது அந்தச் சேமிப்பிலிருந்துதான். கரியாலூரில் படகு விடும் சிறு நீர்ப்பரப்பைப் பார்த்துவிட்டு, மலையில் ஏரி என்று இருப்பது இவ்வளவுதான் என்று சுற்றுலாப் பயணி நினைக்கலாம். மலையே ஓர் ஏரி. அதன் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த மலைமேலும் அடிவாரத்திலும் பெரும் வீட்டுமனை நகரங்களுக்கும் விடுதி வளாகங்களுக்கும் இடம் தரக்கூடாது என்பதே என் நிலை. எந்த ஒரு தனித் திட்டத்தையும் குறிவைத்து இதை எழுதவில்லை. திட்டம் வந்து கம்பி வேலி எழுந்தபிறகு பேசுவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை என்பதால், முன்கூட்டியே பேசவேண்டியிருக்கிறது.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகர் வந்தால் நிலவிலை ஏறும். ஏரியை ஒட்டிய மனைக்கு அதிலும் தனி விலை உண்டு. சட்டமும் பெருந்திட்டங்களுக்கு வழிவிட்டுக் காத்திருக்கிறது. 2023 ஏப்ரலில் விவாதமில்லாமல் நிறைவேறி, 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கானது. திட்டப் பரப்புக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால் அதையும் சேர்த்து ஒருங்கிணைத்து, மாற்று நிலம் பெற்றுக்கொள்ள அது இடம் தருகிறது. நீர்நிலையின் பரப்போ கொள்ளளவோ குறையக்கூடாது என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏரியைப் பரப்பாலும் கொள்ளளவாலும் மட்டும் அளக்க முடிந்தால், அதை வண்டியில் ஏற்றி வேறிடத்தில் இறக்கியும் வைத்துவிடலாம். நம் முன்னோர் ஓரிடத்தில் ஏரி வெட்டியதற்குக் காரணம் அங்கே நிலம் சரிந்த விதம். மேலே இருந்த ஓடை. கீழே இருந்த வயல். இந்த மூன்றும் வாய்க்காத இடத்தில் அதே பரப்பில் பள்ளம் தோண்டினால் பள்ளம்தான் கிடைக்கும். ஏரிகளையும் ஆக்கிரமிப்பு அகற்றலையும் பற்றி 2007இல் தனிச் சட்டம் இயற்றிய அதே மாநிலம், பெரிய நிலக்காரருக்கு மட்டும் ஓடையை நகர்த்திக்கொள்ள அனுமதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மலையும் ஏரியும் பழங்குடி நிலமும் ஒரு பெருந்திட்டத்தின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு லவாசாவைவிட நெருங்கிய உதாரணம் இந்தியாவில் இல்லை. புனேக்கு மேற்கே மோசே ஆற்றின் பள்ளத்தாக்கில், வரஸ்காவ் அணையின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி எழுந்த தனியார் மலைநகரம் அது. புனே நகரத்துக்குக் குடிநீர் தரும் அணைகளில் வரஸ்காவ் ஒன்று. தனியார் மலைவாழிடங்களை ஊக்குவிக்க மகாராஷ்டிர அரசு 1996இல் வகுத்த கொள்கையின் நிழலில் இத்தாலியக் கடற்கரை ஊரின் சாயலில் வீடுகள் எழுந்தன. நீர்த்தேக்கத்தின் விளிம்பு நகரத்தின் முற்றமானது. 2010 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தச் சொன்னது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் நாங்கள் கட்டவில்லை, ஆகவே மத்திய அனுமதி தேவையில்லை என்பது நிறுவனத் தரப்பின் முக்கிய வாதங்களில் ஒன்று. இந்த வாதத்தைக் கல்வராயனில் வைத்துப் பாருங்கள். சின்னக் கல்வராயனின் 2,700 அடி என்பது ஏறக்குறைய 820 மீட்டர். ஆயிரம் மீட்டர் கோட்டை மட்டும் அளவுகோலாக வைத்தால் அந்த மலையின் பெரும்பகுதி மலையே ஆகாது. 999ஆவது மீட்டரில் விழும் மழைத்துளியும் அதே ஓடைக்குத்தான் வருகிறது. அதற்கு அந்தக் கோடு தெரியாது. ஓராண்டு கழித்து நிபந்தனைகளோடு லவாசாவுக்கு அனுமதி கிடைத்தது. நிலம் கைமாறிய விதம் பற்றிப் பள்ளத்தாக்கின் பழங்குடி மக்கள் எழுப்பிய புகார்களோ ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2018இல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. முதல் ஊரான தாஸ்வேயில் கட்டியது கட்டியபடி நிற்கிறது. பணம் போட்டவர்களுக்கு நேர்ந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் நிறுவனம் திவாலானால் கணக்கைத் தீர்க்கத் தீர்ப்பாயம் உண்டு; வெட்டிய சரிவை மறுபடி ஒட்டவைக்கத் தீர்ப்பாயம் எதுவும் இல்லை.

சமவெளியில் இதே கதைக்குப் பள்ளிக்கரணை சாட்சி. அரை நூற்றாண்டுக்கு முன் ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் விரிந்திருந்த சதுப்புநிலம் அது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் போகும். அதை ஒரே நாளில் யாரும் அழிக்கவில்லை. குப்பைக் கிடங்கு, சாலை, நிறுவன வளாகம், அடுக்ககம் என்று ஒவ்வொன்றும் தனக்கான கோப்பில், தனக்கான அனுமதியோடு, தனக்கான நியாயத்தோடு வந்தது. ஒவ்வொரு கோப்பிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் புல எண் நீர்நிலையா? இல்லை என்று பதில் எழுத முடிந்தவரை எழுதினார்கள். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தபோது அது எந்தப் புல எண்ணையும் கேட்டு வரவில்லை. 2022 ஏப்ரலில் ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அதன் ஒரு பகுதியே காப்புக்காடு. வெளியே எஞ்சியதில் பட்டா நிலங்களும் உண்டு. எது உள்ளே, எது வெளியே என்று தரையில் அளந்து முடிக்காமலேயே ஆண்டுகள் ஓடின. தள ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த மாதமே பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்ககத் திட்டம் நீதிமன்றப் படியேறி, அக்டோபர் முடிவில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், அதில் கேட்கப்பட்ட கேள்வி சரியானது: ஏரி எதுவரை? உலகம் அறிந்த ஒரு சதுப்புநிலத்துக்கே, அதுவும் தலைநகரத்தின் கண்முன்னால், இந்தக் கேள்விக்கு விடை எழுத இத்தனை காலம் ஆனதென்றால் ரிஷிவந்தியம் ஒன்றியத்தின் பெயர் தெரியாத தாங்கலுக்கு யார் எழுதப்போகிறார்கள்?

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடியவற்றில் வலுவானது இது: பெருந்திட்டத்தைத் தடுத்தால் நிலம் சும்மா இருக்காது, துண்டு துண்டாக விற்கப்படும். அனுமதியற்ற மனைப்பிரிவுகள் வாய்க்காலை விழுங்கும். கழிவுநீர் ஏரிக்கு வரும். அதைவிட, சாக்கடையும் சுத்திகரிப்பும் பசுமைப் பரப்பும் வரைபடத்திலேயே உள்ள பெரிய திட்டம் நல்லதல்லவா? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அனுமதியற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, அது எவ்வளவு பெரிய தொழிலாக வளர்ந்திருந்தது என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. மறு ஆண்டே அவற்றை வரன்முறைப்படுத்தும் திட்டமும் வந்தது. சின்ன மனைக்காரர் ஏரியைக் காப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் பெருந்திட்டத்தின் வரைபடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது நிறுவனம் வாங்கிய நிலத்தின் வேலியில் தொடங்கி வேலியில் முடிகிறது. வேலிக்கு உள்ளே எல்லாம் அழகாகத் திட்டமிடப்பட்டிருக்கும். வேலிக்கு வெளியே போகும் தண்ணீர் எந்த வேகத்தில், எந்த மாதத்தில், எந்த ஊருக்குப் போகும் என்பது அந்த வரைபடத்தின் கவலை இல்லை. லவாசாவும் திட்டமிட்ட நகரம்தான். சின்ன மனையால் வந்த கேட்டை ஒரு நேர்மையான வட்டாட்சியர் அடுத்த ஆண்டு திருத்தலாம். வாய்க்காலின் மேல் கட்டிய சுவரை இடிக்கலாம். நூறு ஹெக்டேரில் சரிவையே மாற்றி எழுதிவிட்டால் திருத்துவதற்கு வாய்க்காலே இருக்காது. துண்டு விற்பனையைக் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும் என்பதற்கு அது காரணமாகட்டும். பெரிய விற்பனைக்கு வாசல் திறக்க அது காரணமாகாது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மூஸ்ஹெட் என்றொரு காட்டு ஏரி. மரத்துக்காக அதைச் சுற்றி லட்சக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த ஒரு நிறுவனம் 2005இல் 975 வீட்டுமனைகளும் இரண்டு பெரிய விடுதிகளும் கொண்ட திட்டத்தை முன்வைத்தது. எதிர்ப்பு, விசாரணை, திருத்தம் என்று நான்காண்டு இழுத்து 2009இல் ஒப்புதல் கிடைத்தது. 2012இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பிறகு சந்தை சரிந்த நிலையில் வீடுகள் எழவே இல்லை, நிலம் கைமாறியது, புதிய உரிமையாளரே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் வழக்கில் தோற்றார்கள். ஆனாலும் அங்கே ஒன்று நடந்தது: மனை மனையாக அல்லாமல், ஏரிப் பிரதேசம் முழுவதையும் ஒரே மேசையில் விரித்துவைத்து, அந்த வட்டார மக்களை எல்லாம் கேட்டார்கள். நம்மிடம் அந்த மேசை இல்லை. மலைப்பகுதிக் கட்டுமானத்தைக் கண்காணிக்க 1990இல் ஓர் ஆணையம் அமைத்தோம். அதுவும் பட்டியலில் பெயருள்ள ஊர்களுக்குத்தான். பழனி மலையில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி எத்தனை கட்டடங்கள் விதியை மீறி எழுந்தன, அவற்றுக்கு நீதிமன்றமே சீல் வைக்கச் சொல்லும் நிலை ஏன் வந்தது என்பதைப் பார்த்தால், கட்டிமுடித்தபின் வரும் கண்காணிப்பின் பலன் புரியும். 2024 மே மாதத்திலிருந்து அந்த ஊருக்குள் வண்டி நுழையவே இ-பாஸ் வேண்டியிருக்கிறது.

அடுத்த கேள்வி மலைமக்களைப் பற்றியது. இது எனக்கு மற்ற எதையும்விட முக்கியம். கல்வராயனில் ஜாகீர்தார்களின் பிடி 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மலை முழுமையாக அரசிடம் வந்தது. அந்தத் தாமதத்தின் கடன் இன்றும் தீரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தபிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று அங்கே பேசப்பட்டவை எல்லாம் அவசரத் தேவைகள். அதனால்தான் பெருந்திட்டம் வேலையும் சாலையும் கொண்டுவரும் என்ற பேச்சுக்கு இங்கே ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆனால் சாலையும் மருத்துவமனையும் கல்வராயனின் மலையாளிப் பழங்குடிகளுக்குக் குடிமக்கள் என்ற முறையில் வரவேண்டியவை. அவற்றை நிலத்துக்கு விலையாகக் கேட்பது நியாயமில்லை. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதைத் தடுக்க அந்த அட்டவணை தரும் காப்பு இங்கே கிடையாது. தலைமுறைகளாக உழுத மண்ணுக்குப் பட்டா கேட்டு அலைபவர் இன்னும் இருக்கும் மலையில் பெருமுதலீட்டுக்கு நிலத்தைத் திறந்துவிட்டால், விற்கிறவர் யார், அவர் கையில் என்ன ஆவணம் இருக்கும்? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தனிநபர் உரிமையும் சமூக உரிமையும் முழுதாகத் தரப்படட்டும். சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் நல்ல விலைக்குப் போக வழி செய்யட்டும். அந்த மக்கள் தங்கள் வீட்டையொட்டி நாலு அறை கட்டி விருந்தினரை வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கு நான் எதிரியில்லை. அதன் அளவை ஊர் பார்க்கும். அதன் லாபம் ஊரில் தங்கும்.

பட்டா நிலத்தில் என்ன செய்வது என்பது பட்டாதாரரின் உரிமைதானே என்பார்கள். புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பல பட்டா நிலங்களின் குறுக்கே ஓர் ஓடை போவது தெரியும். வருஷத்தில் சில வாரம்தான் அதில் தண்ணீர் ஓடும். மற்ற நாட்களில் அது செடி முளைத்த ஒரு பள்ளம். கோடையில் மனை பார்க்க வருகிறவர் கண்ணில் அது படாது. பத்தடி அகல ஓடையை இரண்டடிக் குழாயில் அடைத்து மேலே தார் போட்டால், உரிமையாளர் தன் நிலத்தில்தான் வேலை செய்திருக்கிறார். காகிதத்தில் எந்த மீறலும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறியபின் இரண்டு நாட்களில் ஊத்தங்கரையில் அரை மீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடவேண்டி வந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்த வீட்டின்மேல் மண் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அத்தகைய இரண்டு நாளில் அந்தக் குழாய் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. நீர்நிலை ஊரின் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், பிறகு 2011இல் ஜக்பால் சிங் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. குளத்துக்கு அது பொருந்தும் என்றால் குளத்துக்கு வரும் வழிக்கும் பொருந்தவேண்டும். பட்டாதாரர் உழலாம், வீடு கட்டிக்கொள்ளலாம். நீரின் வழியை அடைக்கும் உரிமை அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மேலூர்க்காரன் ஓடையை மறித்தால் கீழூர்க்காரன் மண்வெட்டியோடு போவான் என்பது சட்டப் புத்தகம் வருவதற்கு முன்பே இங்கே இருந்த வழக்கம்.

நகரங்கள் எல்லாமே ஏரியின்மேல்தான் எழுந்தன என்று சொல்வோரும் உண்டு. 1920களில் மாம்பலத்தின் நெடிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் ஆக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் இன்று லேக் ஏரியா என்ற பெயர்தான் இருக்கிறது. உண்மைதான். சென்னை இன்று வீராணத்திலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவருகிறது. கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது. அந்தச் செலவைத் தாங்க ஒரு பெருநகரத்தால் முடிகிறது. ரிஷிவந்தியத்துக்குத் தூரத்து வீராணம் எதுவும் இல்லை. அதன் வயலுக்கும் கிணற்றுக்கும் இருப்பது அதன் ஏரியும் மேற்கே திறந்த பக்கமும்தான்.

ஆகவே கேட்கவேண்டியது இதுதான். கல்வராயனிலும் அடிவாரத்திலும் குறிப்பிட்ட அளவுக்கு மேலான எந்தக் கட்டுமானத்துக்கும், அந்த இடத்தின் தண்ணீர் போய்ச் சேரும் கடைசி ஏரி வரைக்கும் உள்ள அத்தனை ஊராட்சிகளின் கிராம சபைகளிலும் ஒப்புதல் பெறவேண்டும். நில ஒருங்கிணைப்புச் சட்டத்திலிருந்து நீர்வரத்துப் பகுதிகளை முழுதாக விலக்கவேண்டும். ஒவ்வோர் ஏரிக்கும் அதன் வரத்து வாய்க்கால்களையும் ஓடைகளையும் உள்வாயையும் சேர்த்து வரைந்த ஒரே வரைபடம், மனை வாங்க வருகிறவர் பத்திரப்பதிவுக்கு முன் பார்க்கும்படி, சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் தொங்கவேண்டும். இவற்றில் முதலாவதை நடைமுறைக்கு ஒவ்வாதது என்பார்கள்: மலையில் ஒரு விடுதிக்குச் சமவெளியில் முப்பது ஊர்களைக் கேட்பதா? கலங்கல் கற்களின் இடையே ஒரு கூடைக் களிமண் வைப்பதற்கே மூன்று ஊர்களைக் கேட்டார்கள்.